பல மரம் வெட்டிய தச்சன்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வேலை முடித்த களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். எதிரணியினருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வணக்கம். இனிமேல்தான் அது அவர்களுக்குத் தேவைப்படும்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசியவர் போன வேகத்தில் அது எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. அயர்லாந்தின் அமெச்சூர், அதாவது சம்பளம் வாங்காமல் ஆடிய, கால்பந்து வீரர் டாக்டர் கெவின் ஓஃப்ளானகன் பல ஆட்டங்களில் இறங்கியதால் தன் திறமையைச் சிதறடித்தாரா, முழுமையாக வாழ்ந்தாரா? இதுதான் கேள்வி. சிதறடித்தார் என்பது அவர்கள் கட்சி. முழுமையாக வாழ்ந்தார் என்பது எங்கள் கட்சி.

எதிரணி நண்பர் எடுத்த எடுப்பிலேயே, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்றார். நல்ல கைதட்டல் வந்தது. நானும் தட்டினேன், பழமொழி நல்ல பழமொழி என்பதால். ஆனால் நடுவர் அவர்களே, எங்கள் தச்சர் மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர் இல்லை. கோடாரியோடு போனவர். எதையெல்லாம் வெட்டினார் என்று பார்த்துவிடுவோம்.

1919 ஜூன் 10, டப்ளினில் பிறக்கிறார். சிறு வயதில் கேலிக் கால்பந்தில் டப்ளின் மைனர் அணிக்கு, அதாவது இளையோர் அணிக்கு, ஆடுகிறார். அது அயர்லாந்துக்கே உரிய ஆட்டம். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். அதை அங்கே ஊர் ஊராகக் கொண்டாடுவார்கள். அப்புறம் நாம் அறிந்த கால்பந்து. போஹிமியன்ஸ் என்ற டப்ளின் கிளப். 18 வயதில் நாட்டின் அணியில் இடம். டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜில் மருத்துவம் படித்த நாட்களில் 60 கஜம், 100 கஜம் ஓட்டங்களில் தேசிய சாம்பியன். நீளம் தாண்டுதலிலும் தேசிய சாம்பியன். லண்டனுக்கு வேலைக்குப் போனார், ஆர்சனல் அணியில் இங்கிலாந்தின் உச்ச லீகான முதல் டிவிஷன் ஆட்டம். அங்கேயே லண்டன் ஐரிஷ் அணியில் ரக்பி. ரக்பியிலும் நாட்டுக்காக ஆடினார். இதற்கெல்லாம் நடுவில் டென்னிஸ், கோல்ஃப் வேறு. இத்தனைக்கும் அவருடைய தொழில் மருத்துவம்!

இதைக் கேட்டுவிட்டு எதிரணி என்ன சொன்னது? ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்கு வாசித்தார்கள். கால்பந்தில் டப்ளின் சங்கத்துக்காக, அதாவது அயர்லாந்தில் அப்போது இருந்த இரண்டு கால்பந்துச் சங்கங்களில் டப்ளினில் இருந்ததற்காக, 10 சர்வதேச ஆட்டங்கள், 3 கோல். ஆர்சனலுக்கு லீகில் 14 ஆட்டங்கள், 3 கோல். ரக்பியில் முழு அங்கீகாரம் பெற்ற சர்வதேச ஆட்டம் ஒன்றே ஒன்று. "பார்த்தீர்களா, எதிலும் நிலைக்கவில்லை" என்றார்கள். எண்கள் எல்லாம் சரிதான், நான் மறுக்கவில்லை. அந்த எண்களுக்குப் பக்கத்தில் வருடங்களை எழுதாமல் விட்டார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

1937 நவம்பர் 7. டப்ளின் டேலிமவுண்ட் பார்க் மைதானம். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், எதிரே நார்வே. ஓஃப்ளானகனுக்கு முதல் சர்வதேச ஆட்டம். 18 வயது மாணவன் வலது விங்கில், அதாவது மைதானத்தின் வலது ஓரத்தில், ஓடுகிறான், கோலும் போடுகிறான். ஆட்டம் 3-3. ஆஸ்லோவில் முன்பு நடந்த ஆட்டத்தில் 3-2 என்று தோற்றிருந்ததால் அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போகவில்லை, நார்வே போனது. சரி, அந்தப் பையன் என்ன செய்தான்? அதிலிருந்து 1939 மே மாதத்துக்குள் இன்னும் ஆறு ஆட்டங்கள். பிராகில் செக்கோஸ்லோவாக்கியாவோடு 2-2. அது 1934 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போன அணி. வார்சாவில் போலந்திடம் 6-0 என்று செம அடி. அதையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்குச் சிரமம் வேண்டாம். 1939 மே 18, புடாபெஸ்டில் ஹங்கேரி. முந்தைய வருடம் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடிய அணி. அவர்கள் ஊரில், அவர்கள் மைதானத்தில், 2-2. அயர்லாந்தின் இரண்டு கோலையும் போட்டவர் ஓஃப்ளானகன். ஐந்து நாள் கழித்து ஜெர்மனியின் பிரேமன் நகரில் ஜெர்மனியோடு 1-1.

அப்போது அவருக்கு என்ன வயது? 20-ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் 18 நாள் இருந்தது. இருபது நிரம்புவதற்குள் ஏழு சர்வதேச ஆட்டங்கள்!

எட்டாவது ஆட்டம் எப்போது தெரியுமா? 1946 செப்டம்பர் 30. ஏழு வருடம் நான்கு மாதம் கழித்து. நடுவில் என்ன, தூங்கிவிட்டாரா? டென்னிஸ் ஆடப் போய்விட்டாரா? இரண்டாம் உலகப் போர் ஐயா! உலகமே பற்றி எரிந்தது. 1939 மே மாதத்துக்குப் பிறகு டப்ளின் சங்கத்தின் அணி 1946 ஜூன் வரை ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை. ரக்பியில் ஐந்து நாடுகள் போட்டி நின்றுபோய் 1947-இல்தான் மறுபடி தொடங்கியது. 1940 ஒலிம்பிக் இல்லை, 1944 ஒலிம்பிக்கும் இல்லை. ஓஃப்ளானகனுக்கு அப்போது 21, 25 வயது. தேசிய ஓட்டச் சாம்பியன், அதே ஆள் நீளம் தாண்டுதல் சாம்பியன். ஒலிம்பிக்குக்குப் போயிருப்பாரா என்று எனக்குத் தெரியாது, எதிரணிக்கும் தெரியாது. போகும் வாசலே பூட்டியிருந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு விளையாட்டு வீரனுக்கு இருபதிலிருந்து இருபத்தேழு வரை என்ன வயது என்று, இங்கே உட்கார்ந்திருக்கும், முழங்காலில் நீக்கேப் போட்டிருக்கும் அண்ணன்மார்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வருடங்களை முழுசாக ஹிட்லர் எடுத்துக்கொண்டார். எதிரணியினர் அந்த நஷ்டத்தைக் கொண்டுவந்து ஓஃப்ளானகன் பெயரில் பற்று எழுதுகிறார்கள். இது என்ன கணக்கு?

ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருந்தால் மட்டும் அந்த ஏழு வருடம் திரும்பி வந்திருக்குமா? ஒரே விளையாட்டு ஆடியவர்களுக்கும் அதே பூட்டுதான். சொல்லப்போனால் அவர்கள்பாடு இன்னும் மோசம். ஓஃப்ளானகன் அந்த வருடங்களில் என்ன செய்தார்? அயர்லாந்து போரில் நடுநிலை வகித்ததால் உள்ளூர் லீக் நடந்துகொண்டுதான் இருந்தது. அதில் போஹிமியன்ஸுக்கு ஆடினார், தடகளத்தில் ஓடினார், மருத்துவப் படிப்பை முடித்தார். 1945-இல் டாக்டராகி வெளியே வந்தார். அடைபட்டுக் கிடந்த காலத்தை இதைவிட எப்படிச் செலவழிக்க முடியும்?

இப்போது எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அம்மாவிடம் வருகிறேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "ஒன்றுக்கு விசுவாசமாக இருக்கத் தெரியாதவரை எப்படிப் பாராட்டுவது?" அம்மா, இந்தக் கேள்வியை நீங்கள் முதலில் கேட்கவில்லை. 1930-களிலேயே அயர்லாந்தில் கேட்டுவிட்டார்கள். கேட்டதோடு விடவில்லை, சட்டமும் போட்டிருந்தார்கள்.

கேலிக் விளையாட்டுகளை நடத்தும் கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன் 27-ஆம் விதி என்று ஒன்று வைத்திருந்தது. அவர்கள் உறுப்பினர் எவரும் 'அந்நிய ஆட்டம்' ஆடக் கூடாது. கால்பந்து, ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் எல்லாம் அந்நியம். ஆடுவது இருக்கட்டும், பார்க்கப் போகவும் கூடாது! யார் யார் போகிறார்கள் என்று நோட்டம் விடக் கண்காணிப்புக் குழுவே இருந்தது. நம் ஊரில் பையன் சினிமாவுக்குப் போகிறானா என்று பக்கத்து வீட்டு மாமா பார்ப்பாரே, அது மாதிரி. அந்த மாமாவுக்குச் சங்கப் பதவி வேறு கொடுத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேய ஆட்சியின் வடு ஆறாத நாடு அது. தன் மொழி, தன் ஆட்டம் என்று பிடித்துக்கொண்டதில் ஒரு நியாயம் இருந்தது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த விதி யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். டப்ளின் மைனர் அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் கால்பந்தும் ஆடுகிறான் என்று தெரிந்தது. கேலிக் அணியிலிருந்து வெளியே போ என்றுவிட்டார்கள். ஓஃப்ளானகன் ஓர் ஆட்டத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவினார் என்று சொன்னீர்களே, அது இல்லை. அவர் எதையும் விடவில்லை. அவரைத்தான் விட்டார்கள்.

அது எந்த அளவுக்குப் போனது தெரியுமா? 1938 நவம்பர் 13. டேலிமவுண்ட் பார்க். அயர்லாந்துக்கும் போலந்துக்கும் ஆட்டம். ஓஃப்ளானகன் அந்த அணியில் இருக்கிறார். அயர்லாந்து 3-2 என்று ஜெயித்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் டக்ளஸ் ஹைட். யார் அவர்? அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர். ஐரிஷ் மொழி அழிந்துவிடக் கூடாது என்று கேலிக் லீக் என்ற மொழி இயக்கத்தைத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர். வாழ்நாள் முழுக்க அந்த மொழிக்காக உழைத்தவர். நாட்டின் தலைவர் என்ற முறையில் நாட்டின் அணி ஆடுவதைப் பார்க்க வந்தார். அடுத்த மாதமே கேலிக் அசோசியேஷன் அவரைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். கேலிக் பண்பாட்டுக்கு உயிர் கொடுத்த மனிதரை, ஒரு மதியம் கால்பந்து பார்த்த குற்றத்துக்காகக் கேலிக் சங்கம் ஒதுக்கியது. 'ஒன்றுக்கு மட்டும் விசுவாசம்' என்ற கொள்கையை அதன் கடைசி எல்லை வரை ஓட்டிப் போனால் வந்து நிற்கும் இடம் அதுதான். எதிரணி அம்மா அந்தக் குழுவில் இருந்திருந்தால் நம் நடுவருக்கே பதவி போயிருக்கும். அவர் கிரிக்கெட்டும் பார்க்கிறார், கபடியும் பார்க்கிறார்.

கான் மார்ட்டின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓஃப்ளானகனோடு அயர்லாந்து அணியில் ஆடியவர். 1941-இல் டப்ளின் அணியோடு லெய்ன்ஸ்டர் மாகாணக் கேலிக் கால்பந்துப் பட்டத்தை வென்றவர். கால்பந்தும் ஆடினார் என்று தெரிந்ததும் பதக்கத்தைக் கொடுக்கவில்லை. 1971-இல் அந்த விதியே நீக்கப்பட்ட பிறகுதான் பதக்கம் அவர் கைக்கு வந்தது. முப்பது வருடம்!

ஓஃப்ளானகன் 2006 மே 26 வரை இருந்தார், 86 வயது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2005 ஏப்ரலில், அதே கேலிக் சங்கம் கூடி ஓட்டெடுத்தது. தன்னுடைய குரோக் பார்க் மைதானத்தைக் கால்பந்துக்கும் ரக்பிக்கும் திறந்துவிடலாம் என்று முடிவு செய்தது. எந்த இரண்டு ஆட்டத்தில் நாட்டுக்காக ஆடியவரோ, அதே இரண்டு ஆட்டம். எந்தச் சங்கம் வெளியே அனுப்பியதோ, அதே சங்கம். அதைப் பார்க்கும் வரை அந்த மனிதர் உயிரோடு இருந்தார். எதிரணியினர் இன்னும் அந்தப் பழைய 27-ஆம் விதிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் ஐயா.

1946 ஜனவரி 26, சனிக்கிழமை. டப்ளின் லான்ஸ்டவுன் ரோடு மைதானம். அயர்லாந்துக்கும் பிரான்சுக்கும் ரக்பி. போர் முடிந்த கையோடு நடந்த ஆட்டம், அதிகாரபூர்வக் கணக்கில் சேராதது. விங்கில் ஓஃப்ளானகன். அடுத்த சனிக்கிழமை, பிப்ரவரி 2. பெல்ஃபாஸ்ட் விண்ட்சர் பார்க். அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் கால்பந்து. அதிலும் ஓஃப்ளானகன்! ஒரு வாரம் முட்டைப் பந்து, மறு வாரம் உருண்டைப் பந்து. ஒரு வாரம் கையில் ஏந்திக்கொண்டு ஓடி, மேலே விழுந்து அமுக்குகிறவர்களைச் சமாளிக்க வேண்டும். மறு வாரம் பந்தைக் கையால் தொட்டாலே தப்பு. இரண்டும் டப்ளின், பெல்ஃபாஸ்ட் என்று இரண்டு நகரங்களில். நாடு பிரிந்தபின் கால்பந்துக்கு டப்ளினில் ஒரு சங்கம், பெல்ஃபாஸ்டில் ஒரு சங்கம் என்று தனித்தனியாக ஆகியிருந்த காலம் அது. அந்த ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு அவரை எடுத்தது பெல்ஃபாஸ்ட் சங்கம். இரண்டு கால்பந்துச் சங்கங்களுக்கும் அவர் வேண்டும், ரக்பிக்காரர்களுக்கும் அவர் வேண்டும். திறமை சிதறிப்போன ஆளை யாராவது இப்படி மூன்று பக்கமும் இழுப்பார்களா?

அதே வருடம் செப்டம்பர் 30. இங்கிலாந்து அணி டேலிமவுண்டுக்கு வந்தது. இரண்டு நாள் முன்பு பெல்ஃபாஸ்டில் 7-2 என்று அடித்துவிட்டு வந்த அணி. டப்ளினில் என்ன ஆனது? 82 நிமிடம் வரை கோல் இல்லை. கடைசியில் டாம் ஃபின்னி ஒன்று போட்டார், 1-0. அயர்லாந்து அணியில் அன்று ஓஃப்ளானகன்கள் இரண்டு பேர், கெவினும் தம்பி மிக்கும். இந்தத் தம்பியும் பிறகு ரக்பியில் அயர்லாந்துக்கு ஆடினார். கால்பந்திலும் ரக்பியிலும், இரண்டிலும் நாட்டுக்காக ஆடிய அண்ணன் தம்பி! வேறு ஒரு ஜோடியைச் சொல்லுங்கள் பார்க்கலாம். மூன்றாவது சகோதரர் சார்லியும் போஹிமியன்ஸுக்கு ஆடியவர்தான். அந்த வீட்டில் ஜன்னல் கண்ணாடிகள் எத்தனை உடைந்தனவோ, பாவம் அந்தத் தாய்.

தம்பியைச் சொன்னதும் எதிரணியில் ஒருவர் சிரிக்கிறார், ஏன் என்று எனக்குத் தெரியும். 1948-இல் அயர்லாந்து ரக்பி அணி நான்கு ஆட்டத்தையும் ஜெயித்து கிராண்ட் ஸ்லாம் அடித்தது. அடுத்த கிராண்ட் ஸ்லாம் 2009-இல்தான் வந்தது. அந்த 1948 வரிசையில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆடியவர் தம்பி மிக். அண்ணனுடைய ஒரே அதிகாரபூர்வ ரக்பி ஆட்டம் அதற்குச் சில மாதம் முன்பு, 1947 டிசம்பர் 6, ஆஸ்திரேலியாவோடு. அயர்லாந்து 16-3 என்று தோற்றது. கிராண்ட் ஸ்லாம் அண்ணன் கையில் சிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், அது வருத்தம்தான். ஆனால் நண்பரே, தம்பியும் இரண்டு ஆட்டம் ஆடியவர்தானே? ஒரே ஆட்டம் ஆடியதால் தம்பிக்குக் கிடைத்தது, பல ஆட்டம் ஆடியதால் அண்ணனுக்குத் தவறியது என்று நீங்கள் சொல்ல வழியே இல்லை. அந்த உதாரணத்தை எடுக்காமல் இருந்திருந்தால் உங்களுக்கே நல்லது.

அடுத்தது காசு விஷயம். "சம்பளம் வாங்காமல் ஆடியவர், அதனால் பொழுதுபோக்காகத்தான் ஆடியிருப்பார்" என்று ஒரு வாதம் வந்தது. அமெச்சூர் என்றதும் ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் செருப்பை கோல் கம்பமாக வைத்து ஆடுகிறவர் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. போஹிமியன்ஸ் 1890-இல் தொடங்கிய கிளப். 1969 வரை சம்பளம் கொடுக்காத அமெச்சூர் கிளப்பாகவே இருந்தது. அப்படியே சம்பளம் கொடுத்த கிளப்புகளோடு லீகில் மோதியது. ஆர்சனலிலும் ஓஃப்ளானகனுக்குத் துணை இருந்தது. பெர்னார்ட் ஜாய் என்று ஒருவர். அவரும் அமெச்சூர், இங்கிலாந்தின் முழு சர்வதேச அணியில் ஆடிய கடைசி அமெச்சூர். ஐஸ்லாந்திலிருந்து வந்த ஆல்பர்ட் குட்மன்ட்சன் என்ற இன்னொரு அமெச்சூர், பிறகு தன் நாட்டில் நிதியமைச்சர் ஆனவர், அதே 1946-இல் அங்கே ஆடினார். போர் முடிந்து தடுமாறிக்கொண்டிருந்த ஆர்சனல் அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே உல்வர்ஹாம்ப்டனிடம் 6-1 என்று உதை வாங்கியது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கிளப் பரிதாபப்பட்டு ஆளை எடுக்குமா? கால் பேசினால்தான் எடுக்கும்.

சம்பளத்தை நம்பி ஒரே தொழிலாக ஆடியவர்கள் என்ன மாளிகையா கட்டினார்கள்? இங்கிலாந்து லீகில் 1961 வரை சம்பளத்துக்கு உச்சவரம்பு. எத்தனை பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு பைசா தரக் கூடாது. டேலிமவுண்டில் அந்த ஒரே கோலைப் போட்டாரே டாம் ஃபின்னி, இங்கிலாந்தின் மிகச் சிறந்த விங்கர்களில் ஒருவர், அவருக்குக் கைத்தொழில் என்ன தெரியுமா? பிளம்பிங்! கால்பந்து ஒரு பக்கம், குழாய் வேலை ஒரு பக்கம். சம்பளம் வாங்கிய ஃபின்னியே இரண்டு வேலை பார்த்தார். அவரை எதிரணி எந்தக் கணக்கில் சேர்க்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து விதிகளில் ஓர் ஆட்டத்துக்குக் காசு வாங்கிவிட்டால் மற்ற அமெச்சூர் வாசல்கள் அடைபட்டுவிடும். அமெரிக்காவின் ஜிம் தோர்ப், 1912 ஒலிம்பிக்கில் பென்டத்லானிலும் டெகத்லானிலும் தங்கம் வென்றவர். அதற்கு முன்பு சின்ன பேஸ்பால் லீகில் கொஞ்சம் காசு வாங்கி ஆடினார் என்பதற்காக இரண்டு தங்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1980-களில்தான் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே ஓஃப்ளானகன் அமெச்சூராக இருந்ததை அலட்சியம் என்று பேசாதீர்கள். ஓடவும் வேண்டும், தாண்டவும் வேண்டும், இரண்டு விதப் பந்தும் ஆட வேண்டும் என்ற ஆசை இருந்தவருக்கு அந்தக் காலத்தில் அது ஒன்றுதான் வழி. சோற்றுக்கு மருத்துவம் இருந்தது, அதனால் ஆட்டத்தை யாருக்கும் விற்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

அதற்கு விலை கொடுக்கவில்லையா? கொடுத்தார். நோயாளிகள் காத்திருக்கும்போது பயிற்சிக்கு எப்படிப் போவது? ஆர்சனலின் முழுநேர ஆட்டக்காரர்கள் வாரம் முழுக்கப் பயிற்சி எடுப்பார்கள், இவர் லண்டனில் வைத்தியம் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை ஆர்சனல் சிவப்பு, ஒரு சனிக்கிழமை லண்டன் ஐரிஷ் பச்சை. 14 லீக் ஆட்டங்கள் குறைவுதான். முழுநேரம் ஆடியிருந்தால் இன்னும் நிறைய ஆடியிருப்பார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் குறைவாக ஆடியதும் வீணாகப் போனதும் ஒன்றா? ஆர்சனலுக்குப் பிறகு பார்னெட், பிரென்ட்ஃபோர்ட் கிளப்புகள் என்று முப்பது வயது வரை ஆட்டத்தை விடவில்லை. அதற்கப்புறம்தான் ஒரு விஷயம் நடந்தது. எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள், மூன்று பேரும் அதைத் தொடவே இல்லை.

டப்ளினுக்குத் திரும்பி வந்த டாக்டர், விளையாட்டுக் காயங்களுக்கு என்றே சிகிச்சை நிலையம் வைத்தார். விளையாட்டு மருத்துவம் என்று தனியாக ஒரு துறை இருப்பதே பலருக்குத் தெரியாத காலம். 1960-இலிருந்து 1976 வரை அயர்லாந்து ஒலிம்பிக் அணிக்கு மருத்துவர். ரோம், டோக்கியோ, மெக்சிகோ, மியூனிக், மாண்ட்ரியல். அந்த ஐந்து ஒலிம்பிக்கிலும் சேர்த்து அயர்லாந்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பதக்கம், 1964-இல் டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் ஜிம் மெக்கோர்ட் வாங்கிய வெண்கலம். மற்ற எல்லோரும் வெறுங்கையோடு திரும்பியவர்கள்; அவர்களோடும் அவர் இருந்தார். 1976-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினரானார், 1995 வரை இருந்தார். தனக்கு ஒலிம்பிக் வாசல் திறக்காத மனிதர், அந்த வீட்டுக்குள் போய் 19 வருடம் உட்கார்ந்தார்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஓட்டக்காரன் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டி வருகிறான். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கும் டாக்டர் 100 கஜத்தில் நாட்டின் சாம்பியனாக இருந்தவர். நீளம் தாண்டுபவனின் கணுக்கால், கால்பந்துக்காரனின் முட்டி, ரக்பிக்காரனின் தோள்பட்டை, எல்லா வலியும் அவர் உடம்பு அறிந்தது. ஒரே ஆட்டம் ஆடிய டாக்டருக்கு ஒரே வலிதான் தெரியும். இவரிடம் போய், "டாக்டர், உங்களுக்கு என்ன தெரியும், ஓடிப் பார்த்தால்தானே தெரியும்" என்று எந்த வீரனாவது வாய் திறக்க முடியுமா? பல ஆட்டம் ஆடியது அவருடைய திறமையைச் சிதறடித்தது என்கிறீர்கள். அந்த 'சிதறல்' அத்தனையும் அவருடைய சிகிச்சை அறையில் ஒரு மேசைக்கு முன்னால் வந்து சேர்ந்தது. திட்டம் போட்டு அப்படி வாழ்ந்தார் என்று நான் சொல்லவில்லை. பிடித்ததையெல்லாம் ஆடினார், படித்ததை விடாமல் வைத்திருந்தார், பிறகு இரண்டும் தானாகக் கைகோத்துக்கொண்டன.

நடுவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

எனக்கு அடுத்து எதிரணியின் கடைசிப் பேச்சாளர் வரப்போகிறார். நல்ல பேச்சாளர், கணக்கோடு வருவார். அவர் தொடங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். ஓஃப்ளானகன் எதை விட்டிருக்க வேண்டும்? பொத்தாம்பொதுவாக 'மற்றதை எல்லாம்' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது, பெயரைச் சொல்லுங்கள். ஓட்டத்தையா? விங்கில் இருந்த வேகம் அதிலிருந்துதானே வந்தது. ரக்பியையா? அப்படியென்றால் 1946-இன் அந்த இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றை அவரிடமிருந்து பிடுங்குவீர்கள். எதை என்று தேதியோடு சொல்லுங்கள். மருத்துவத்தையா? ரோமிலிருந்து மாண்ட்ரியல் வரை அடிபட்டு வந்தவர்களிடம் அதை நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மைக் உங்களுக்குத்தான். நன்றி, வணக்கம்.